தோர்ன்ஹில்லா, வோனா, டொரொண்டோவா? கனடா கிளையண்ட்டின் கடைக்கு எந்த ஊர்ப் பெயர் போடுவது?

மடிப்பாக்கம்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். நான் மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே எஸ்இஓ வேலை (கூகுள் தேடலில் கடைகளை மேலே கொண்டுவருவது) பார்க்கிறேன். முன்பு ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். பையன் பிறந்த பிறகு தனியாக எடுத்துச் செய்கிறேன். கையில் நான்கு கிளையண்ட். அதில் ஒருவரால் வந்த கேள்வி இது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். டொரொண்டோவுக்கு வடக்கே ஃபர்னஸ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஃபர்னஸ் என்றதும் நம் ஊர்ப் பட்டறை உலையை நினைக்க வேண்டாம். வீட்டு பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டு குளிர்காலம் முழுக்கச் சூடான காற்றை மேலே தள்ளுகிற பெட்டி அது. ஜனவரி ராத்திரியில் அது நின்றுபோனால் யாரும் நாலு இடத்தில் விசாரிப்பதில்லை. போனை எடுத்துத் தேடி, மேப்பில் முதலில் வருகிற நம்பரை அழுத்திவிடுகிறார்கள். ஆக, மேப்பில் முதல் மூன்றுக்குள் வருவதுதான் இவருக்குப் பிழைப்பு.

கடை இருப்பது யங் ஸ்ட்ரீட்டுக்கு மேற்கே. வருகிற கடிதங்களில் ஊர் தோர்ன்ஹில் என்று இருக்கிறது. ஆனால் தோர்ன்ஹில் என்று தனி நகராட்சியே கிடையாது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. யங் ஸ்ட்ரீட்டுக்கு மேற்கே உள்ள தோர்ன்ஹில் வோன் நகரத்துக்குள், கிழக்கே உள்ளது மார்க்கம் நகரத்துக்குள். அதனால் சொத்து வரிக் காகிதத்தில் வோன். போதாக்குறைக்கு, எனக்கு முன்னால் வெப்சைட் செய்தவர் ஃபுட்டரில் (பக்கத்தின் அடியில்) டொரொண்டோ என்று போட்டு வைத்திருக்கிறார். பிசினஸ் டைரக்டரிகளில் பார்த்தால் அவரவருக்குத் தோன்றியது. ஒரே கடைக்கு மூன்று ஊர்!

அவரிடமே கேட்டேன். ‘பிள்ளை, வோன் எண்டு ஆர் கதைக்கினம்? சனம் தோண்ஹில் எண்டுதான் சொல்லும். ஆனா ரொறன்ரோ எண்டு போட்டாத்தான் வேலை கூட வரும்’ என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் வண்டி போகிற ஊர்களுக்கெல்லாம் வெப்சைட்டில் தனித்தனிப் பக்கம் வேண்டும் என்றார். ஒரு பக்கத்தை நன்றாக எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பதினான்கு பக்கம் போட்டேன். முதலில் எழுதியது ஏஜாக்ஸ் ஊருக்கு. அது ஒண்டாரியோ ஏரிக்கரை ஊர், அதனால் ‘ஏரிக்காற்றின் ஈரத்தில் உங்கள் ஃபர்னஸ் துருப்பிடிக்கிறதா?’ என்று தொடங்கியிருந்தேன். அந்த வரி அப்படியே உட்பிரிட்ஜ், ரிச்மண்ட் ஹில், மார்க்கம் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு (அவருக்குக் காலை ஒன்பதரை) போன் வந்தது. ‘பிள்ளை, வூட்பிரிட்ஜில ஏரி எங்கை கிடக்கு?’ சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் காது சுட்டது.

அந்தப் பதினான்கில் இரண்டு பக்கத்தைத் தவிர எதற்கும் ஆள் வரவில்லை.

இப்போது கேள்விகள். முகவரியில் எந்த ஊர்? பக்கங்களில் எந்த ஊர்? கடைப் பெயரோடு ஊரையும் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீருமா? கனடா வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சீக்கிரம்_ரேங்க்:

எல்லா இடத்திலும் டொரொண்டோ என்று போடுங்க மேடம். தோர்ன்ஹில்லை எத்தனை பேர் தேடுவாங்க? பெரிய ஊர், பெரிய கூட்டம். கடைப் பெயரிலும் சேர்த்துடுங்க, ஒரு வாரத்தில் ஏறும்.


அசோக்நகர்_எஸ்இஓ:

மேடம், மேலே தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முக்கியமாகக் கடைப் பெயரில் கை வைக்காதீர்கள். என் கிளையண்ட், ஒண்டாரியோவில் ஒரு பல் டாக்டர், யாரோ சொன்னார்கள் என்று கிளினிக் பெயரோடு இரண்டு ஊரைச் சேர்த்துக்கொண்டார். மேப்பில் கடையைக் காட்டுகிற கூகுள் ப்ரொஃபைல் முடக்கப்பட்டது. பலகை போட்டோ, லைசென்ஸ், பில் எல்லாம் அனுப்பித் திரும்ப வாங்குவதற்குள் அவருடைய நல்ல சீசனே போய்விட்டது. கடைப் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் ப்ரொஃபைலில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி.

அடுத்து டொரொண்டோ. உள்ளூர் முடிவுகளுக்குக் கூகுளே சொல்கிற காரணம் மூன்று: பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்பது. இதில் தூரம் என்பது மேப்பில் குத்தியிருக்கும் இடத்திலிருந்து. நீங்கள் டொரொண்டோ என்று எழுதியதற்காக அந்தக் குறி ஸ்டீல்ஸ் அவென்யூவைத் தாண்டித் தெற்கே நகராது. (அந்த ஸ்டீல்ஸ் அவென்யூதான் அங்கே எல்லை. தெற்கே டொரொண்டோ, வடக்கே வோனும் மார்க்கமும்.) டவுன்டவுனில் நின்று தேடுகிறவருக்கு டவுன்டவுன் கடைகள்தான் வரும். அவருக்காக நீங்கள் கடை விலாசத்தைக் குழப்பிக்கொள்வானேன்?

நீங்கள் மடிப்பாக்கம் என்பதால் ஒரு கேள்வி. 2011-இல் மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அன்றிலிருந்து உங்கள் வீட்டில் யாராவது ‘பிளம்பர் சென்னை’ என்று தேடியிருக்கிறீர்களா? ‘மடிப்பாக்கம் பிளம்பர்’ தானே? அங்கேயும் அதே கதை. 1998 ஜனவரி 1 அன்று ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க், பழைய டொரொண்டோ ஆறையும் ஒன்றாக்கி ஒரே டொரொண்டோ என்றார்கள். ஆபீஸ் காகிதத்தில் ஸ்கார்பரோ போய்விட்டது, ஜனங்கள் வாயிலிருந்து போகவில்லை, கடிதத்திலிருந்தும் போகவில்லை. ஆட்டவாவும் அப்படித்தான். 2001-இல் கனாட்டா, நெப்பியன் எல்லாம் உள்ளே வந்தன, ஆனால் கனாட்டாவில் இருப்பவர் கனாட்டா என்றுதான் தட்டுவார். அதே வருஷம் ஹாமில்டனும் ஆன்காஸ்டர், டண்டாஸ், ஸ்டோனி கிரீக்கை விழுங்கியது.

டண்டாஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாமில்டனுக்குள் டண்டாஸ் ஒரு ஊர். டொரொண்டோவில் டண்டாஸ் ஒரு நீளமான தெரு. டண்டாஸ் என்று தேடுகிறவர்களையெல்லாம் நம் ஊர்க்காரர் என்று கணக்குப் போட்டு ஒரு கிளையண்ட்டுக்கு ஆறு மாதம் தப்பான ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது நான் இல்லை, அவர்தான்.

இதில் பெரிய பொறி ஒரே பெயரில் இரண்டு இடம் இருப்பது. நியூ பிரன்ஸ்விக்கில் இருப்பது செயின்ட் ஜான், நியூஃபவுண்ட்லாந்தில் இருப்பது செயின்ட் ஜான்ஸ். நடுவில் கடல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி சிட்டி ஒன்று, லாங்லி டவுன்ஷிப் ஒன்று, இரண்டும் ஒட்டிக்கொண்டு தனித்தனி நகராட்சி. நார்த் வான்கூவரும் அதே மாதிரி இரண்டு. லண்டன், விண்ட்சர், கேம்பிரிட்ஜ் மூன்றும் ஒண்டாரியோவிலும் உண்டு. சர்ச் கன்சோலில் (எந்தத் தேடலில் நம் பக்கம் வந்தது என்று கூகுள் காட்டுகிற டூல்) நாடு என்ற ஃபில்டரைப் போடாமல் பார்த்தால் ‘ஆகா, இம்ப்ரெஷன் (நம் பக்கம் தேடலில் வந்த எண்ணிக்கை) ஏறுகிறதே’ என்று தோன்றும், தேடியவர் இங்கிலாந்தில் இருப்பார். ஸ்கார்பரோவும் அங்கே ஒரு கடற்கரை ஊர்தான். மான்ட்ரியல் கதை வேறு. அங்கே ஊர்ப் பெயரை விட மொழி பெரிது. பிளம்பர் என்று தேடுகிறவரும் ப்ளோம்பியே என்று தேடுகிறவரும் ஒரே தெருவில் இருக்கலாம், இருவருக்கும் வருகிற கடைகள் வேறு. அங்கே வேலை எடுத்தால் பிரெஞ்சு தெரிந்தவரை வைத்துக்கொண்டு எடுங்கள்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். முகவரி வேறு, பக்கம் வேறு. முகவரி என்பது அடையாள அட்டை மாதிரி, கடிதம் எந்த ஊர் போட்டு வந்து சேர்கிறதோ அது. தோர்ன்ஹில், ஒண்டாரியோ, போஸ்டல் கோடு. இதையே வெப்சைட், ப்ரொஃபைல், ஸ்கீமா (கூகுள் படிப்பதற்காகப் பக்கத்தின் கோடில் வைக்கிற விவரம்), டைரக்டரி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வையுங்கள். ‘ஸ்ட்ரீட்’ என்பதை ஒருவர் சுருக்கி எழுதினார் என்பதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம், அதைக் கூகுள் புரிந்துகொள்ளும். ஊரே மாறியிருப்பதுதான் திருத்த வேண்டியது.

பக்கம் என்பது பேச்சு. அங்கே வோன் வரலாம், மார்க்கம் வரலாம். ‘கடை தோர்ன்ஹில்லில், வோன் நகரத்தின் பக்கம், பாதர்ஸ்ட்டும் சென்டர் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில்’ என்று ஒரு மனிதன் வழி சொல்வது போல எழுதினால் இரண்டு ஊர்ப் பெயரும் இயல்பாக வந்துவிடும். அப்புறம், வோன் என்று யாரும் சொல்வதில்லை என்று உங்கள் கிளையண்ட் சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். 2017 கடைசியில் சப்வே அங்கே வரை வந்தது, கடைசி ஸ்டேஷனுக்கு வோன் மெட்ரோபாலிட்டன் சென்டர் என்று பெயர். அதைச் சுற்றி உயர்ந்து நிற்கும் அபார்ட்மென்ட்டில் குடிவந்தவர்கள் வோன் என்றுதான் சொல்கிறார்கள். பழைய ஆட்கள் உட்பிரிட்ஜ், மேப்பிள், கான்கார்ட் என்பார்கள். எல்லாம் ஒரே நகராட்சி.

பதினான்கு பக்கத்தில் ஆள் வந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய பக்கங்களைக் கூகுள் ஸ்பாம் கணக்கில்தான் வைக்கிறது. ஏரிக்காற்றுக்காக வருத்தப்படாதீர்கள். மலையே இல்லாத ஊருக்கு ‘மலையடிவாரத்தில்’ என்று எழுதியவன் நான்.


ஸ்காபரோ_சம்பல்:

வணக்கம். நான் சென்னை இல்லை, ரொறன்ரோ. அக்காவின் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. மேலே அண்ணா எழுதியது சரி, ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது.

இங்கே ஒருவரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் ஊர்ப் பெயரே சொல்லமாட்டார்கள். இரண்டு பெரிய வீதிகள் சந்திக்கிற இடத்தைச் சொல்வார்கள். ‘வார்டன் அண்ட் ஃபின்ச்’, ‘மோர்னிங்சைட் அண்ட் ஷெப்பர்ட்’. இப்போது கவனியுங்கள்: ‘மார்க்கம் அண்ட் எக்ளின்டன்’ என்று ஒரு இடம். அது மார்க்கம் நகரத்தில் இல்லை, ஸ்காபரோவுக்குள் இருக்கிறது. மார்க்கம் றோட் என்பது ஸ்காபரோவுக்குள் ஓடித்தான் வடக்கே மார்க்கத்துக்குப் போகிறது. ஆகவே மார்க்கம் என்ற சொல் வருகிற தேடல் எல்லாம் மார்க்கம் நகரம் என்று எண்ணினால் பிழை. பக்கத்தில் எக்ளின்டன், லோரன்ஸ் என்று ஒரு வீதிப் பெயர் நின்றால் அது ஸ்காபரோ ஆள்.

யோர்க் இன்னும் மோசம். நோர்த் யோர்க், ஈஸ்ட் யோர்க், பழைய யோர்க் மூன்றும் ரொறன்ரோவுக்குள். யோர்க் பிராந்தியம் ரொறன்ரோவுக்கு வெளியே, வோனும் மார்க்கமும் அதில்தான் இருக்கின்றன. யோர்க் பல்கலைக்கழகத்தின் கீல் வளாகம் யோர்க் பிராந்தியத்தில் இல்லை, எல்லைக்குத் தெற்கே ரொறன்ரோவில் நிற்கிறது. 1834 வரை ரொறன்ரோவுக்கே யோர்க் என்றுதான் பெயர் என்றால் பாருங்கள்.

பிறகு தமிழ் எழுத்து. உங்கள் ஆள் தமிழ்ச் சனத்துக்கும் வேலை செய்கிறவர் என்றால் ஒரு தமிழ்ப் பக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் டொரொண்டோ என்று எழுதினால் இங்கே வாசிக்கிறவருக்கு அது சென்னையில் எழுதினது என்று முதல் வரியிலேயே விளங்கிவிடும். நாங்கள் ரொறன்ரோ, மொன்றியல், ஒட்டாவா என்று எழுதிப் பழகினவர்கள். ஸ்காபரோவை ஸ்காபுறோ என்றும் எழுதுவார்கள். அதுவும் பெயர் வேறுபாடுதானே?


ரேழித்_திண்ணை:

நான் எஸ்இஓ ஆள் இல்லை. மகன் இந்தக் குழுவில் இருக்கிறான், அவன் போனில் படித்தேன். முப்பத்தொரு வருஷம் சென்னையில் தபால் பிரித்தவன், அதனால் இரண்டு வார்த்தை.

ஊர்ப் பெயரை நம்பிக் கடிதம் பிரித்தால் சாயங்காலத்துக்குள் பைத்தியம் பிடிக்கும். ஒரே வீட்டுக்குத் திருவல்லிக்கேணி என்று ஒரு கார்டு வரும், ட்ரிப்ளிகேன் என்று ஒரு கவர் வரும். மாம்பலம் என்று மட்டும் எழுதியிருப்பான். ரயில் பாதைக்குக் கிழக்கேயா மேற்கேயா? கிழக்கே என்றால் தி.நகர், 17. மேற்கே என்றால் மேற்கு மாம்பலம், 33. அந்த அம்மா சொல்கிற தோர்ன்ஹில்லும் நடுவில் கோடு போன மாம்பலம்தான் போலிருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். பெயரை எப்படி எழுதினாலும் 600 005 என்று இருந்தால் கவர் தானாகப் போய்ச் சேரும்.

கனடாவிலும் கோடு இருக்கிறது அல்லவா? எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும், பேரன் அனுப்பும் பார்சலில் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்காரரின் பழைய பில்களை எடுத்து, முதல் மூன்று எழுத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த அறை நிரம்புகிறதோ அதுதான் ஊர்.


அசோக்நகர்_எஸ்இஓ:

ஐயா, உங்கள் கால் எங்கே? பத்து வருஷமாக நாங்கள் டூல் மேல் டூலாக வாங்கிக்கொண்டிருக்கிறோம், பழைய பில்லைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மேடம், ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். அங்கே முதல் எழுத்தே பாதி விஷயம் சொல்லிவிடும். எம் என்றால் டொரொண்டோ, எல் என்றால் சுற்றியுள்ள வோன், மார்க்கம், மிசிசாகா பக்கம். எம் 1 ஸ்கார்பரோ. தோர்ன்ஹில்லுக்கு யங்குக்கு மேற்கே எல் 4 ஜே (L4J), கிழக்கே எல் 3 டி (L3T).

ஸ்காபரோ தம்பி, மார்க்கம் ரோடு விஷயத்துக்கு நன்றி. என் ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து பார்த்தேன். இனி என்ன சொல்ல!


மடிப்பாக்கம்_மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், பையனுக்குக் காய்ச்சல்.

போன குளிர்காலத்துப் பில்களை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ‘என்ன பிள்ளை, வருமான வரிக்கே இவ்வளவு கேக்கேல்லை’ என்றார். ஆனால் அனுப்பினார், இருநூறுக்கு மேல். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல்லில் மூன்று மூன்று எழுத்தாகத் தட்டினேன். எல் 4 ஜே தான் அதிகம், அது எதிர்பார்த்ததுதான். அடுத்தது மார்க்கமும் இல்லை, ரிச்மண்ட் ஹில்லும் இல்லை. எம் 2-வில் தொடங்குகிறவை, அதாவது ஸ்டீல்ஸுக்குத் தெற்கே நார்த் யார்க்! அவரிடம் சொன்னால், ‘ஓம், அது பக்கத்திலதானே, ரோட்டைக் கடந்தா வந்திடும்’ என்கிறார். இத்தனை நாள் நார்த் யார்க்குக்குப் பக்கமே போடச் சொல்லவில்லை மனிதர். ஸ்கார்பரோ பில் மொத்தம் ஏழு. அதில் நான்கு அவருடைய சொந்தக்காரர்கள் வீடு.

முகவரி தோர்ன்ஹில் என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். ஒரு டைரக்டரி மட்டும் பிடிவாதமாக வோன் என்று திருப்பிக்கொள்கிறது, விட்டுவிட்டேன். பன்னிரண்டு பக்கத்தை எடுத்தாயிற்று. நார்த் யார்க்குக்கு ஒன்று புதிதாக எழுதினேன். ஏரி இல்லை. அவரே பழுது பார்த்த ஒரு பழைய பங்களாவின் பேஸ்மென்ட், அந்த ஃபர்னஸின் போட்டோ, எந்தச் சந்திப்புக்குப் பக்கம், எத்தனை மணிக்குப் போனார் என்பது. சர்ச் கன்சோலில் தோர்ன்ஹில், வோன், உட்பிரிட்ஜ், நார்த் யார்க் நான்கையும் ரீஜெக்ஸில் (பல சொற்களை ஒரே ஃபில்டரில் தேடுகிற முறை) செங்குத்துக் கோடு போட்டுச் சேர்த்து, நாடு கனடா என்று வைத்துப் பார்க்கிறேன். வோன் என்று தேடுகிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். ‘எல்லாம் புதுசா வந்த ஆக்கள்’ என்று பதில்.

தமிழ்ப் பக்கம்தான் கடைசி வேலை. தோர்ன்ஹில் என்று நான் எழுதினேன். தோண்ஹில் என்பது அவர். ஸ்காபரோ தம்பியிடம் தனியாகக் கேட்டேன், தோர்ண்ஹில் என்று மூன்றாவதாக ஒன்று வந்தது. மூன்றையும் வரிசையாகப் போட்டு எது வேண்டும் என்று அவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு வேனின் போட்டோ வந்தது. பக்கவாட்டில் பெரிய சிவப்பு எழுத்தில் ‘தோண்ஹில்’. போன வாரம்தான் எழுதினாராம், பெயின்ட் காய்ந்துவிட்டதாம். பக்கத்திலும் அதையே போட்டுவிட்டேன்.